லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் நெட்வொர்க் கார்டுகளின் பொது அமைப்பை ஏன் ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள்?

எல்லா ஈதர்நெட் கார்டுகளுக்கும் சில தொடக்க மதிப்புகள் ஒன்றுதான்: ஹெடர் (பாக்கெட்டின் தலைப்பகுதி) 14 பைட், முகவரி 6 பைட், எம்டியு (ஒரு பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்சத் தரவு) 1500 பைட். இவற்றை டிரைவருக்கு டிரைவர் (கார்டை இயக்கும் நிரல்) தனித்தனியாக எழுதினால், ஒரு திருத்தம் வரும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அதனால் இவை ஈதர்_செட்டப் என்ற ஒரே ஃபங்ஷனில் இருக்கின்றன. அல்லாக்_ஈதர்டெவ் என்ற ஃபங்ஷன் கார்டுக்கான நினைவகத்தை ஒதுக்கும்போதே அதை அழைத்துவிடும். அச்சடித்த வாடகை ஒப்பந்தம் மாதிரிதான்: பொது நிபந்தனைகள் தயார், பெயர் விவரம் மட்டும் நிரப்ப வேண்டும். இங்கே டிரைவர் நிரப்புவது மேக் முகவரியும் (அந்தக் கார்டின் தனி முகவரி) தன் ஃபங்ஷன்களின் பட்டியலும்.

கார்டைக் கெர்னலில் பதிவு செய்யும் ரெஜிஸ்டர்_நெட்டெவ் கடைசியில்தான் வர வேண்டும். அது முடியும் முன்பே யாராவது கார்டைத் திறந்துவிடலாம். பாதி அமைத்த நிலையில் திறந்தால் கெர்னலே விழக்கூடும். பதிவு தோற்றால், ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீ_நெட்டெவ் அவசியம், இல்லாவிட்டால் நினைவகம் கசியும்.

பலர் நினைப்பதுபோல் இதனால் பாக்கெட்டுகள் வேகமாகப் போகாது. இந்தக் குறியீடு கார்டைச் சேர்க்கும்போது மட்டுமே ஓடுகிறது.