டெக்சாஸ் பூனை கலிஃபோர்னியா போகலாமா?

கேள்வி: டல்லாஸில் எம்.எஸ். முடித்த என் மகள், வேலை கிடைத்து சான் ஹோசே போகிறாள். அவள் சாவிக்கொத்தில் பூனை முகம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வில்லை தொங்குகிறது. கண் துளைகளில் விரலை விட்டுப் பிடித்தால் காது இரண்டும் கூராக நிற்கும். தற்காப்புக்காக அறைத்தோழி கொடுத்ததாம். "இதுக்குச் சட்டத்துல தடை இல்லம்மா" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், மதுரை

பதில்: டல்லாஸில் இருக்கும்வரை மகள் சொல்வது சரிதான். அதுவும் 2019 செப்டம்பர் 1-க்குப் பிறகுதான். அதற்கு முன்பு டெக்சாஸிலும் 'பிராஸ் நக்கிள்ஸ்', அதாவது விரல்களில் மாட்டிக்கொண்டு குத்தும் கட்டை, தடை செய்யப்பட்ட ஆயுதம். இந்தப் பூனையும் அதில்தான் சேர்த்தி. அப்போது வைத்திருந்தாலே ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம் என்று இருந்தது.

சான் ஹோசே இருக்கும் கலிஃபோர்னியா இன்னும் மாறவில்லை. உலோகத்தில் செய்தது என்றால் தண்டனைச் சட்டத்தின் 21810-ஆம் பிரிவு. வெளியே எடுத்துப் போக வேண்டும் என்றில்லை, வீட்டு அலமாரியில் கிடந்தாலும் குற்றம். பிளாஸ்டிக்தானே என்று விட்டுவிடவும் முடியாது. உலோகமல்லாத கூட்டுப்பொருளுக்கும் கடின மரத்துக்கும் 21710 என்று தனிப் பிரிவே இருக்கிறது. தற்காப்புக்கு என்று சொல்வதும் உதவாது, தற்காப்புக்காகக் கையில் அணிவதும் அந்த விளக்கத்துக்குள்ளேயே வருகிறது. மிச்சிகனில் உலோகக் கட்டைக்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு என்பதையும் சொல்லி வைக்கிறேன், நாளைக்கு அங்கே வேலை மாறினாலும் மாறலாம்.

விமான நிலையப் பாதுகாப்புத் துறை, இதைக் கைப்பையில் வைக்கக் கூடாது, செக்-இன் பெட்டியில் வைக்கலாம் என்கிறது. அதை நம்பிப் பெட்டியில் போட்டுவிடப் போகிறாள்! அது விமானத்துக்கான விதி மட்டும்தான். இறங்குகிற ஊரின் சட்டம் வேறு. கூரியரும் வேண்டாம், அங்கே அவள் கைக்கு வந்து சேர்ந்தாலே வைத்திருந்த குற்றம்தான்.

சிறை, அபராதத்தை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது விசா. அடுத்த முறை நிரப்பும் டிஎஸ்-160 படிவத்தில் 'எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா' என்ற கேள்வி இருக்கிறது. ஒரு சாவிக்கொத்துக்காக அதில் 'ஆம்' என்று எழுத வேண்டுமா?

வில்லையைத் தோழியிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். சான் ஹோசே போனதும் அங்கேயே பெப்பர் ஸ்ப்ரே வாங்கிக்கொள்ளட்டும். 2.5 அவுன்ஸுக்கு மேல் போகாத டப்பாவை வயது வந்தவர்கள் தற்காப்புக்காக வைத்திருக்க அந்த மாநிலம் அனுமதிக்கிறது.