குழந்தைக்கு வந்த பொருந்தாத பரிசை மனம் நோகாமல் கையாள்வது எப்படி?

ஒன்றரை வயதுக் குழந்தையின் காதுகுத்துக்கு வந்த பரிசுகளில் சில அதன் வயதுக்கு ஒவ்வாதவை, மறுத்தால் உறவு கெடுமே என்று கேட்டிருக்கிறீர்கள். மொய் நோட்டில் ஏறாத சீருக்கும் மனதில் கணக்கு வைத்திருக்கும் எங்கள் கும்பகோணம் பக்கத்தில் இந்தத் தயக்கம் இயல்புதான். ஆனால் வாங்கிக்கொள்வது வேறு, குழந்தையின் கையில் கொடுப்பது வேறு.

முதலில் பொத்தான் பேட்டரி, அதாவது சட்டைப் பொத்தான் போல வட்டமான சிறு பேட்டரி, இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டுப் பாடும் பொம்மையின் முதுகுமூடி, திருகாணி இல்லாமல் நகம் பட்டாலே திறந்துகொண்டால், அதை அன்றே பரணில் ஏற்றிவிட வேண்டும். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே திசுவை அரித்துவிடக்கூடும். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பதால் பெட்டியில் அதையும் தேடுங்கள். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை வந்திருந்தால் கொலுப்படிக்கு ஆயிற்று. எதையும் வாயில் வைக்கும் பிள்ளைக்கு அது வேண்டாம்.

கொடுத்தவரிடம் பொய் சொல்லத் தேவையில்லை. “அத்தை, பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், மூன்று வயது முடிந்ததும் நீங்களே கொடுங்கள்” என்றால் அவருக்கும் மதிப்பாக இருக்கும். தாய்மாமன் போட்ட மோதிரம் தளர்வாக இருந்தால், படம் எடுத்த கையோடு, அவர் கண்ணெதிரிலேயே கழற்றி டப்பாவில் போடுங்கள்.