பைக்கை விற்றாயிற்று, ஆர்.சி. இன்னும் என் பெயரில்: விபத்து வழக்கில் பணம் யார் கட்டுவது?

கேள்வி: 2019 நவம்பரில் ஷோரூமில் புதிதாக வாங்கிய பைக்கை 2022-ல் ஒருவருக்கு விற்றேன். பணம் முழுவதும் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. ஃபார்ம் 29 (விற்றதை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது), ஃபார்ம் 30 (பெயர் மாற்ற விண்ணப்பம்) இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அவர் பெயர் மாற்றவே இல்லை. 2024 செப்டம்பரில் அந்த வண்டி மோதி ஒருவருக்குக் கால் முறிந்திருக்கிறது. இப்போது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்துள்ளது. 2020-க்குப் பிறகு இன்சூரன்ஸ் புதுப்பித்ததாகத் தெரியவில்லை. நான் பணம் கட்ட வேண்டி வருமா?

பதில்: முதலில், வண்டி வாங்கியபோது ஷோரூமில் கொடுத்த இன்சூரன்ஸ் பாலிசியைத் தேடி எடுங்கள். உங்கள் வழக்கின் போக்கு பெரும்பாலும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

2018 செப்டம்பர் 1 முதல், புதிதாக விற்கப்படும் இருசக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு (வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) கட்டாயம். கார்களுக்கு 3 ஆண்டு. உச்ச நீதிமன்ற உத்தரவால் வந்த மாற்றம் இது. ஆகவே அந்தப் பாலிசியில் பெரும்பாலும் இரண்டு காலங்கள் அச்சாகியிருக்கும். ‘ஓன் டேமேஜ்’, அதாவது நம் வண்டிக்கு ஏற்படும் சேதம், என்ற வரியில் ஓராண்டு. ‘தர்டு பார்ட்டி’ என்ற வரியில் ஐந்தாண்டு. பலர் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, 2020-லேயே இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் வண்டி 2019 நவம்பரில் வாங்கியது என்றால், மூன்றாம் நபர் காப்பீடு 2024 நவம்பர் வரை ஓடியிருக்க வேண்டும். விபத்து செப்டம்பரில் நடந்திருக்கிறது. அடிபட்டவருக்கான இழப்பீடு இந்த இரண்டாவது வரியில்தான் வரும். பாலிசி கைவசம் இல்லையென்றால், பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயரைத் தெரிந்துகொண்டு, அவர்களிடம் நகல் கேளுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ‘வண்டியை விற்றுவிட்டேன், அதனால் எனக்குப் பொறுப்பில்லை’ என்ற வாதம் நிற்காது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(30)-ன்படி யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். (தவணைக் கடனில் ஓடும் வண்டிக்கும், பதிவுபெற்றவர் மைனராக இருந்தாலும் விதிவிலக்கு உண்டு.) 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அந்த வழக்கில் ஒரு கார் கைமாறிக் கைமாறிப் பலரிடம் போயிருந்தது. ஆர்.சி. மட்டும் முதலாமவர் பெயரிலேயே இருந்தது. பொறுப்பு அவர்மீதே விழுந்தது. அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு அலையக் கூடாது என்பதே நீதிமன்றம் சொன்ன காரணம். விற்றவருக்கு இது கசப்புதான். ஆனாலும் காலுடைந்து படுத்திருப்பவர் பக்கம் நின்று பார்த்தால் இந்த நிலைப்பாடு சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

இனி நோட்டீஸுக்கு வருவோம். அதில் எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு) எண், ஆஜராக வேண்டிய தேதி, எதிர்மனுதாரர்களின் பெயர்கள் இருக்கும். இன்சூரன்ஸ் நிறுவனம் எதிர்மனுதாரராக இருக்கிறதா என்று பாருங்கள். பாலிசி விவரம் கிடைக்காமல் மனுதாரர் நிறுவனத்தை விட்டுவிட்டு உங்களை மட்டும் சேர்த்திருக்கலாம். அப்படியானால் நிறுவனத்தைச் சேர்க்கச் சொல்லி நீங்களே மனுப் போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். விற்ற வண்டிதானே என்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். உடனே ஒருதலைப்பட்சமாக உத்தரவாகிவிடும். அதன்பின் 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கோர வேண்டும். அதையும் தவறவிட்டால், பிரிவு 174-ன்படி தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பும். தொகையை நில வருவாய் பாக்கியைப் போல வசூலிப்பார்கள்.

வக்கீல் வைத்து வக்காலத்து தாக்கல் செய்து பதிலுரை போடுங்கள். பதிலுரையில் மூன்று விஷயங்கள் விடுபடக் கூடாது. விபத்து நாளில் பாலிசி அமலில் இருந்தது, அதன் எண் இன்னது என்பது ஒன்று. வண்டியை எந்தத் தேதியில் யாருக்கு விற்றீர்கள் என்பது இன்னொன்று; வாங்கியவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கும்படி கேளுங்கள். விபத்தின்போது வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, ஓட்டியவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது என்பது மூன்றாவது.

மூன்றாவதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ‘முதலில் நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும்’ என்று உத்தரவாக வாய்ப்புண்டு. உரிமையாளர் என்றால் ஆர்.சி.யில் இருக்கும் நீங்கள். உரிமையாளர் தெரிந்தே நிபந்தனையை மீறினார் அல்லது கவனக்குறைவாக இருந்தார் என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும் என 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிலுரையில் அடித்தளம் போடாவிட்டால் அந்தத் தீர்ப்பை வாதத்தில் பயன்படுத்துவது கடினம். எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை ஆகியவற்றின் நகல்களை வாங்கி லைசென்ஸ் விவரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

‘வண்டி கைமாறிவிட்டது, எங்களுக்குத் தெரிவிக்கவில்லை, பாலிசி செல்லாது’ என்றும் நிறுவனம் சொல்லக்கூடும். பயப்பட வேண்டாம். பிரிவு 157-ன்படி வண்டி கைமாறும்போது காப்பீடும் கூடவே மாறியதாகக் கருதப்படும். தெரிவிக்காத காரணத்தால் மூன்றாம் நபருக்கான பொறுப்பு போய்விடாது என்பது 1999-ல் ஜி.கோவிந்தன் வழக்கிலேயே முடிவான விஷயம். வண்டியின் சொந்தச் சேதத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

ஒருவேளை பாலிசி உண்மையிலேயே அமலில் இல்லாமல் நீங்கள் பணம் கட்ட நேர்ந்தால், விற்பனை ஒப்பந்தத்தில் ‘இனி வரும் பொறுப்பெல்லாம் வாங்குபவரையே சாரும்’ என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போட்டு அவரிடம் திரும்பக் கேட்கலாம். அதற்கு வங்கிக் கணக்கு விவரம் வலுவான சாட்சி. வாட்ஸ்அப் உரையாடலைத் தாக்கல் செய்வதானால் பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-ன் கீழ் சான்றிதழும் வேண்டும். வெறும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் மறுதரப்பு ஆட்சேபிக்கும்.

குற்றவியல் வழக்கு ஓட்டியவர் மீதுதான். ஆனால் ஓட்டியது யார் என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 133-ன் கீழ் போலீஸ் கேட்டால், தெரிந்ததை எழுத்தில் கொடுக்கும் கடமை உங்களுக்கு உண்டு. விற்பனை ஆவணத்தின் நகலை இணைத்துக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்கு நடக்கும்போதே பெயர் மாற்றத்தையும் முடித்துவிடுங்கள். வண்டி இன்னும் சாலையில் ஓடுகிறது, ஐந்தாண்டுப் பாலிசியும் முடிந்துவிட்டது. நாளை அவர் வீட்டு மைனர் பையன் ஓட்டிப் பிடிபட்டால், அதே சட்டத்தின் பிரிவு 199ஏ ‘வாகன உரிமையாளர்’ என்று உங்களைத்தான் தேடி வரும். 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை என்ற பிரிவு அது. தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் சுமையும் உங்களுடையது. சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கெடு தாண்டிவிட்டாலும், வாங்கியவர் கட்டணத்தோடு தாமதத் தொகையும் செலுத்தி மாற்றலாம். அவர் ஒத்துழைக்காவிட்டால், புதிதாக ஒரு ஃபார்ம் 29-ஐ நிரப்பி, விற்பனை ஆவணத்தோடு ஆர்.டி.ஓ.வுக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். வாங்கியவருக்கு வக்கீல் நோட்டீஸும் கொடுங்கள். ஃபார்ம் 29 அனுப்பியதால் மட்டும் ஆர்.சி.யில் பெயர் மாறிவிடாது. ஆனால் நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்குத் தேதியோடு ஒரு ஆதாரம் கையில் இருக்கும்.