பழகுநர் உரிமத் தேர்வு: உங்கள் மகளே படித்து எழுதட்டும்

கேள்வி: அண்மையில் 18 வயது நிறைந்த என் மகள் ஸ்கூட்டரும் காரும் ஓட்டப் பழக விரும்புகிறாள். ஆனால் எல்.எல்.ஆர். பெறுவதற்கான கணினித் தேர்வை நினைத்தாலே பதறுகிறாள். தேர்வைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், 16 வயதான அவளுடைய தம்பிக்கும் சேர்த்தே எடுத்துத் தருவதாகவும் ஒரு புரோக்கர் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்க வேண்டாம். உங்கள் மகளின் பயம் இயல்பானதுதான், ஆனால் பள்ளித் தேர்வுகளை எழுதித் தேறிய ஒரு பெண்ணுக்கு இது கடினமான தேர்வு அல்ல. கொடுக்கப்படும் விடைகளில் சரியானதைத் தெரிவு செய்ய வேண்டும். கேள்விகளில் 60 சதவீதத்துக்குச் சரியாக விடையளித்தால் தேர்ச்சி. தவறினாலும் எந்தக் கரும்புள்ளியும் விழாது, 50 ரூபாய் தேர்வுக் கட்டணம் செலுத்தி மறுபடி எழுதலாம்.

படிப்பைச் சாலைக் குறியீடுகளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். படங்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதைவிட, வடிவமும் நிறமும் என்ன சொல்கின்றன என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, செவ்வகம் என்றால் தகவல். நீல வட்டத்துக்குள் இடப்புறம் திரும்பும் அம்பு இருந்தால் அங்கே இடப்புறம் திரும்பியே ஆக வேண்டும். சிவப்பு விளிம்புள்ள முக்கோணத்துக்குள் இடப்புறம் வளையும் அம்பு இருந்தால் முன்னால் சாலை வளைகிறது என்று மட்டுமே பொருள். பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் வேறொன்று. நீல வட்டத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோடு குறுக்கே போனால் அங்கே வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது, ஆளை ஏற்றி இறக்க ஒரு கணம் நிற்கலாம். இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல வெட்டிக்கொண்டால் நிற்கவே கூடாது. இந்த இரண்டையும் அருகருகே வரைந்து பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மறக்காது.

அடுத்தது விதிகள். தினமும் சாலையில் பார்ப்பதை வைத்து விடை சொன்னால் நிச்சயம் தவறும், ஏனெனில் நம் சாலைகளில் பெரிய வண்டி முதலில் போகிறது, தேர்விலோ விதி என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி. சிக்னலோ காவலரோ இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும். மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு ஒதுங்க வேண்டும். ஆளில்லாத ரயில்வே கடவை வந்தால் வண்டியை நிறுத்தி, யாராவது இறங்கி நடந்து போய் இருபுறமும் ரயில் வரவில்லை என்று பார்த்த பிறகே கடக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் காயமடைந்தவருக்கு உடனே மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், காவல் நிலையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வண்டியில் இருக்க வேண்டிய ஆவணங்களின் பட்டியலும் தேவை. இவ்வளவையும் ஒரு வாரம், தினமும் அரை மணி நேரம் படித்தால் போதும்.

மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் மாதிரித் தேர்வு இருக்கிறது, எந்த மொழியில் எழுதப் போகிறாரோ அந்த மொழியிலேயே பழக வேண்டும். இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. கேள்விகளின் தமிழ் பல இடங்களில் ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததாக இருப்பதால், விதி நன்றாகத் தெரிந்த பிள்ளைகூட கேள்வி புரியாமல் தடுமாறுகிறது. மக்கள் தம் உயிருக்காகக் கற்க வேண்டிய பாடத்தை மக்கள் பேசும் தமிழில் எழுதித் தர ஒரு துறைக்கு இத்தனை ஆண்டுகள் போதாதா என்ற கோபம் எனக்கு உண்டு. ஆனாலும் மாதிரித் தேர்வை நாலைந்து முறை எழுதினால் அந்த நடை பழகிவிடும்.

இனி புரோக்கர். ஒரு வகை வாகனத்துக்கான பழகுநர் உரிமத்துக்கு மத்திய விதிகளின்படி கட்டணம் 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் அவர் கேட்பது எதற்காக என்று யோசியுங்கள். பணத்தைவிட மோசமான ஒன்று இருக்கிறது: விண்ணப்பத்தில் உங்கள் கைபேசி எண்ணுக்குப் பதிலாகத் தம் எண்ணைப் பதிந்துவிடுவார்கள். அதன்பின் ஓ.டி.பி. எல்லாம் அவருக்கே போகும், ஓட்டுநர் தேர்வுக்கு நாள் குறிப்பது வரை ஒவ்வொரு படியிலும் அவரிடமே போய் நிற்க வேண்டியிருக்கும். யாரிடம் உதவி பெற்றாலும் உங்கள் எண் பதிவானதைக் கண்ணால் பார்த்து, விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மகளின் இடத்தில் வேறொருவர் விடையளிப்பது மோசடி, அதில் பெயர் கெடப்போவது அவளுக்குத்தான்.

மகன் விஷயத்தில்தான் பெற்றோர் பெரிதும் ஏமாறுகிறார்கள். 16 வயதில் பெற்றோர் சம்மதத்துடன் கியர் இல்லாத இருசக்கர வாகனத்துக்கு உரிமம் பெறலாம் என்பது உண்மை. ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, 18 வயது நிறையாதவர் ஓட்டும் வண்டியின் இன்ஜின் 50 சிசியைத் தாண்டக் கூடாது என்கிறது. 'கியர் இல்லாத வண்டி' என்பதைச் சொல்லும் புரோக்கர் இந்த 50 சிசியை விழுங்கிவிடுவார். உங்கள் வீட்டு ஸ்கூட்டர் அநேகமாக 110 அல்லது 125 சிசியாக இருக்கும். மொபெட் என்று நாம் எளிதாக நினைக்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100கூட ஏறக்குறைய 100 சிசி. ஆர்.சி. புத்தகத்தை எடுத்து அந்த எண்ணைப் பாருங்கள். 50க்கு மேல் இருந்தால், மகன் கையில் எல்.எல்.ஆர். இருந்தாலும் அந்த வண்டிக்கு அது செல்லாது. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். பையன் 25 வயது வரை உரிமம் பெற முடியாது. விபத்து நடந்துவிட்டால் இழப்பீட்டுச் சுமையும் உங்கள் தலையில் விழக்கூடும். 50 சிசிக்குள் அடங்கும் வண்டி கடைகளில் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில் இந்தச் சலுகையைத் திருத்தாமல் சட்டப் புத்தகத்தில் வைத்திருப்பது புரோக்கர்களுக்குத்தான் உதவுகிறது. மகன் 18 வரை காத்திருக்கட்டும்.

மகளுக்கு உரிமம் கிடைத்ததும் தேதியைக் குறித்துவையுங்கள். அது 6 மாதம் செல்லும், 30 நாள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு எல் எழுத்து இருக்க வேண்டும். காரில் அருகிலும் ஸ்கூட்டரில் பின்னாலும் முழு உரிமம் பெற்றவர் உட்கார்ந்து கற்றுத்தர வேண்டும்; எல்.எல்.ஆர். மட்டுமே வைத்திருக்கும் தோழியை ஏற்றிக்கொண்டு பழகப் போகக் கூடாது.