ராத்திரியெல்லாம் ஹெட்போனும் லினக்ஸும்: இது வேலைக்கு ஆகுமா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான், கணிதம்-இயற்பியல் பிரிவு. அவன் அக்காவுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டு, பாட்டு ரெக்கார்ட் செய்கிறேன், எடிட் செய்கிறேன் என்று ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறான். சவுண்ட் இன்ஜினியர் ஆகப்போகிறானாம். "ஸ்டூடியோவில் எல்லாம் ஆப்பிள் கம்ப்யூட்டர்தான், லினக்ஸ் தெரிந்து என்ன பிரயோஜனம்?" என்கிறான் என் தம்பி. கடனை வாங்கியாவது ஆப்பிள் வாங்கிக் கொடுக்கட்டுமா, இல்லை எல்லாவற்றையும் மூட்டை கட்டச் சொல்லட்டுமா?
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கடன் வாங்காதீர்கள் அம்மா. மூட்டை கட்டவும் சொல்லாதீர்கள்.

உங்கள் தம்பி சொல்வது பாதி சரி. சென்னையில் பெரிய ஸ்டூடியோக்களிலும் டப்பிங் தியேட்டர்களிலும் பெரும்பாலும் ஓடுவது ப்ரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். அது லினக்ஸில் ஓடாது. இசையமைப்பாளர்கள் பலர் வைத்திருக்கும் லாஜிக் என்ற இசை மென்பொருள் ஆப்பிளில் மட்டும்தான் ஓடும். இந்தத் தொழிலுக்கு வருகிறவன் என்றைக்காவது ப்ரோ டூல்ஸ் முன்னால் உட்கார்ந்தே ஆகவேண்டும். ஆனால் பிளஸ் டூ படிக்கும்போதே உட்கார வேண்டும் என்று ஒன்றுமில்லை. 2022 முதல் ப்ரோ டூல்ஸ் இன்ட்ரோ என்று ஓர் இலவசப் பதிப்பும் இருக்கிறது. 8 ஆடியோ டிராக், அதாவது தனித்தனியாகப் பதிவாகும் 8 ஒலி வரிசை வரை அதில் வேலை செய்யலாம். கல்லூரியில் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் கைக்குக் கிடைத்தால், ப்ரோ டூல்ஸின் பட்டன்கள் எங்கே இருக்கின்றன என்று பழகிக்கொள்ள அதிக நாள் ஆகாது.

நாள் பிடிப்பது காது. ஒருவர் பல்லவி பாடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பலமுறை பாடவைத்துப் பதிவு செய்வார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு டேக். முதல் டேக்கில் முதல் வரி நன்றாக வந்தது, மூன்றாவது டேக்கில் இரண்டாவது வரி. இரண்டையும் ஒட்ட வேண்டும். எங்கே வெட்டுவது? பாடகர் மூச்சு இழுக்கும் சத்தம் இரண்டு டேக்கிலும் இருக்கும். இரண்டையும் விட்டால் ஒரே மூச்சு இரண்டு முறை கேட்கும், இரண்டையும் எடுத்தால் மனிதர் மூச்சே விடாமல் பாடுவதுபோல் இருக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்குச் சற்று முன்னால் வெட்டி, இரண்டு துண்டும் சில மில்லி செகண்ட் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒன்று அடங்க மற்றது எழும்படி கிராஸ்ஃபேட் போட வேண்டும். போடாவிட்டால் ஒட்டிய இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இந்த வேலையை லினக்ஸில் ஆர்டர் (Ardour) என்ற மென்பொருளிலும் செய்யலாம், ப்ரோ டூல்ஸிலும் செய்யலாம். மூச்சு எங்கே தொடங்குகிறது என்பதை மென்பொருள் சொல்லாது.

ஒலி அளவும் இப்படித்தான். கற்றுக்கொள்கிற பையன்கள் எல்லாரும் மீட்டர் உச்சியைத் தொடும்வரை ஏற்றித்தான் பதிவு செய்வார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் நாதஸ்வரம், தவிலுக்குக் குறைவிருக்காது. அதை ஒருமுறை பதிவு செய்யச் சொல்லுங்கள். சாதாரணமாக வாசிக்கும்போது மீட்டர் சரியாகத்தான் காட்டும். தவில்காரர் வலந்தலையில், அதாவது தவிலின் வலப்பக்கத்தில், ஓங்கித் தட்டியதும் சிவப்பு விளக்கு எரியும், அந்த அடி கிழிந்துபோய்ப் பதிவாகியிருக்கும். பிறகு எந்த மென்பொருளைக் கொண்டும் அதை முழுசாக மீட்க முடியாது. 24 பிட்டில் வைத்து, உச்சம் -12 டெசிபல் பக்கம் நிற்கும்படி இடம் விட்டுப் பதிவு செய்வதை அப்போது யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. ஃபேனை நிறுத்துவது, குக்கர் விசில் அடங்கும்வரை காத்திருப்பது எல்லாம் அதற்கு முன்பே பழகியிருப்பான். நீங்களும் பழகியிருப்பீர்கள்.

சரி, லினக்ஸுக்கு வருவோம். அந்த அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் (BOSS) லினக்ஸ் என்ற பதிப்பும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது அது. பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பழைய லேப்டாப்பில் விண்டோஸ் திணறும்போது லினக்ஸ் ஓரளவு ஓடும் என்பதால் பையன் அந்தப் பக்கம் போயிருப்பான். இசை, வீடியோ போன்ற வேலைகளுக்கென்றே உபுண்டு ஸ்டூடியோ என்று ஒரு லினக்ஸ் பதிப்பு 2007-லிருந்து இருக்கிறது. வெட்டி ஒட்ட அடாசிட்டி, பல டிராக் பதிவுக்கு ஆர்டர், தாளத்துக்கு ஹைட்ரஜன், ஸ்டாஃப் நொட்டேஷன் எழுத மியூஸ்ஸ்கோர், எல்லாமே காசு இல்லாமல் கிடைக்கின்றன. ஆர்டரை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய ஸ்டூடியோக்களுக்கு, ஒலிகளைக் கலக்கும் மேஜையான மிக்ஸிங் கன்சோல் செய்துகொடுத்த ஹாரிசன் நிறுவனம் மிக்ஸ்பஸ் என்று ஒரு மென்பொருள் விற்கிறது, அதன் அடித்தளமே ஆர்டர்தான்.

தொல்லையும் உண்டு, மறைக்கவில்லை. பாடுகிறவருக்கு ஹெட்போனில் தன் குரல் தாமதமாகக் கேட்டால் தாளம் தப்பும். கம்ப்யூட்டர் ஒலியை நொடிக்கு 48,000 சாம்பிளாக (துண்டாக) அளக்கிறது, ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளைச் சேர்த்துக் கையாள்கிறது என்பதுதான் பஃபர். அதை 256 என்று வைத்தால் தாமதம் சுமார் 5 மில்லி செகண்ட். 1024 வைத்தால் 21. சரி, குறைத்து வைக்கலாம் என்றால் பழைய லேப்டாப் ஈடுகொடுக்க முடியாமல் கரகரவென்று இரையும். அதனால் பாடும்போது குறைத்து, மிக்ஸ் செய்யும்போது ஏற்றிக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் லினக்ஸில் ஒலியைக் கையாளும் ஜாக், பல்ஸ்ஆடியோ என்ற இரண்டு மென்பொருளுக்கும் நடுவில் மல்லுக்கட்டியே பலர் வெறுத்துப் போனார்கள். இப்போது பைப்வயர் என்ற ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கிறது. உபுண்டு, ஃபெடோரா என்ற லினக்ஸ்களின் புதிய பதிப்புகளில் அதுவே இருப்பதால் பாதித் தலைவலி குறைந்திருக்கிறது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ராத்திரி அவன் எதில் மூழ்கிக் கிடக்கிறான்? வாராவாரம் புது லினக்ஸ் ஏற்றுவது, டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பது, தாமதத்தை 5-லிருந்து 3 மில்லி செகண்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று துள்ளுவது, ஆனால் முடித்த பாட்டு ஒன்றுகூட இல்லை என்றால், அவனுக்குப் பிடித்திருப்பது ஒலி இல்லை, கம்ப்யூட்டர். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இசிஇ அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடுங்கள், சிக்னல் பிராசஸிங் பாடத்தில் அவன் ஆர்வம் தானாகப் போய் உட்காரும். சர்வர்கள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸில்தான், அதனால் இப்போது பழகியது எதுவும் வீண்போகாது. மாறாக, அரைகுறை செட்டப்பிலேயே ஒரே வரியை நாற்பது தடவை திரும்பக் கேட்டு, "இந்த இடத்தில் 'ச' ரொம்பச் சீறுகிறது" என்று புலம்புகிறானா? அவன் ஒலிக்காரன்.

தெரியவில்லை என்றால் மூன்று வேலை கொடுங்கள், பரீட்சை முடிந்த விடுமுறையில். தோழன் ஒருவன் பாடி, ஒரு கீபோர்டோ ஹார்மோனியமோ சேர்ந்த ஒரு பாட்டு. ஒரு பக்கத்தை உரக்கப் படித்த இரண்டு நிமிடப் பதிவு ஒன்று, தடுமாற்றங்களை எடுத்து, எடுத்தது தெரியாமல். நான் மேலே சொன்ன நாதஸ்வரம்-தவில் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் எல்லா டிராக்கையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து (பூஜ்ய நொடியிலிருந்து) தொடங்கி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்புகளாக, பெயர் போட்டு ஒரு ஃபோல்டரில் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த ஃபோல்டரை எந்த ஸ்டூடியோவும் தங்கள் ப்ரோ டூல்ஸில் போட்டுத் திறக்கும். எதில் செய்தாய் என்று கேட்க மாட்டார்கள்.

அவன் ஒலிக்காரன்தான் என்றால், சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்குத் தனிப் பட்டப்படிப்பு உண்டு. இடங்கள் குறைவு, அறிவிப்பு வந்ததும் தகுதியைப் பார்த்து விண்ணப்பித்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் இயற்பியலோ எலக்ட்ரானிக்ஸோ விஸ்காமோ படித்துவிட்டு, புனே திரைப்படக் கல்லூரி, கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனம் இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு எழுதலாம். ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி புனேவில் படித்தவர்தான். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஆறு மாதச் சான்றிதழ் தருகிற இடங்களில் முன்பணம் கட்டுவதற்கு முன், அங்கே படித்துவிட்டு இப்போது வேலையில் இருக்கிற இரண்டு பேரிடம் பேசுங்கள்.

வருமானம் முதலில் சினிமாவிலிருந்து வராது. அங்கே திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியில் இணைந்த சங்கத்தின் அட்டை வேண்டும், உதவியாளராகச் சில வருடம் ஓட வேண்டும். டப்பிங், ஒலிப்புத்தகம், யூட்யூப் சேனல்கள், கோயில் விழா, தேவாலய மைக்செட் இப்படித்தான் பலர் தொடங்குகிறார்கள். கல்லூரி நாளிலேயே கைச்செலவுக்கு இதில் சம்பாதிக்கலாம்.

ஆப்பிளுக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் சிறு பகுதி போதும். முதலில் காதை முழுக்க மூடும் நல்ல ஹெட்போன் ஒன்று. பிறகு ஒரு மைக், மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற, இரண்டு உள்ளீடு உள்ள யுஎஸ்பி இன்டர்ஃபேஸ். கடையில் "கிளாஸ் கம்ப்ளையன்ட்" மாடலா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அப்படியென்றால் தனி டிரைவர் இல்லாமல் லினக்ஸில் செருகியதும் ஓடும். ஸ்பீக்கர் இப்போது வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரும் பாவம்.