‘தி ஸ்கின் ஐ லிவ் இன்’ படத்தில் வரும் மருத்துவம் எவ்வளவு தூரம் உண்மை?

பெத்ரோ அல்மொதோவார் 2011-இல் எடுத்த இந்த ஸ்பானிஷ் படத்தில் வருவதுபோல, ஒருவருடைய தோலை முழுசாக மாற்றி, முகத்தையும் மாற்றி, வேறொரு ஆளாக்கிவிட முடியுமா என்பது கேள்வி. கதையின் முடிச்சை அவிழ்க்காமல் இதற்குப் பதில் சொல்ல வழியில்லை. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

‘இது சுத்தப் புருடா’ என்று பலரும் நினைக்கும் இடம், அதாவது மரபணு மாற்றிய தோலை ஆய்வகத்தில் வளர்ப்பது, நிஜத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. யாரும் கேள்வி கேட்காமல் கடந்துபோகும் எலும்பு, குரல், ஆள்பலம், நாள்கணக்கு ஆகியவற்றில்தான் படம் நம்மை ஏமாற்றுகிறது.

கதை இது. ராபர்ட் லெட்கார்ட் (அன்டோனியோ பண்டேராஸ்) ஸ்பெயினின் தொலேதோ நகரில் பெரிய பண்ணை வீட்டில் வாழும் பிளாஸ்டிக் சர்ஜன். மனைவி கார் விபத்தில் தீக்காயப்பட்டு, சிதைந்த உருவத்தைத் தானே பார்த்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டவர். மகளைச் சீரழித்ததாக அவர் நம்பும் விசெந்தே என்ற இளைஞனைக் கடத்திவந்து, வீட்டு ஆபரேஷன் தியேட்டரிலேயே பெண்ணுடலாக மாற்றி, நெருப்புக்கும் கொசுக்கடிக்கும் அசையாத புதுத்தோலைப் போர்த்தி, மனைவியின் முகச்சாயலையும் கொடுத்து, வேரா என்று பெயரிட்டு ஆறு வருஷம் அடைத்து வைக்கிறார்.

முதலில் தோல். ஆய்வகத்தில் தோல் வளர்க்கும் முறையை ஆய்வாளர்கள் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் 1975-இல் வெளியிட்டார்கள். நோயாளியின் நல்ல தோலிலிருந்து தபால்தலை அளவு ஒரு துண்டை வெட்டி எடுப்பார்கள். நொதி போட்டு அதன் செல்களைத் தனித்தனியாகப் பிரிப்பார்கள். கதிர்வீச்சு கொடுத்துப் பெருகவிடாமல் செய்த எலிச் செல்களின் படுக்கை மீது அவற்றை விதைப்பார்கள். இந்த எலிச் செல்கள் இல்லாவிட்டால் மனிதத் தோல் செல்கள் சில சுற்றுகளிலேயே களைத்து நின்றுவிடும். மூன்று வாரம் போனால் சில செல்கள் மட்டுமே தடிமன் கொண்ட மெல்லிய தாள்கள் கிடைக்கும். தட்டிலிருந்து பிரித்ததும் அவை சுருங்கும், விரல் பட்டால் கிழியும். அதனால் வாசலின் தடவிய துணியில் ஏற்றித்தான் காயத்தின் மேல் வைக்கிறார்கள். 1983-இல் அமெரிக்காவின் வயோமிங்கில் உடலின் 95 சதவீதத்துக்கு மேல் வெந்துபோன இரண்டு சிறுவர்கள் இந்த முறையால் பிழைத்தார்கள்.

இதில் கிடைப்பது மேல்தோல் மட்டும். அடியிலிருக்கும் அடித்தோல் வராது. தாங்கிப் பிடிக்க அடித்தோல் இல்லாத இடத்தில் ஒட்டிய தாள் லேசான உராய்வுக்கே கொப்பளிக்கும், மாதக்கணக்கில் உரிந்துகொண்டிருக்கும், மூட்டுகளில் இழுத்துச் சுருங்கும். மேல்தோலையும் அடித்தோலையும் தைத்துப் பிடிக்கும் நுண்ணிழைகள் முதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு வருஷம் ஆகும். வியர்வைச் சுரப்பியும் மயிர்க்கால்களும் வருவதில்லை. வேராவின் பளிங்குச் சருமத்தைப் பார்த்து வியக்கிறோமே, உடம்பு முழுக்க அப்படி ஒரு தோல் இருந்தால் வியர்க்காது. தொலேதோவின் கோடையில் அந்த அறைக்கு ஏசி இல்லையென்றால் வெப்பத்தாக்கிலேயே விழுந்துவிடுவார்.

இனி மரபணு. படம் வந்து நான்கு வருஷம் கழித்து, 2015-இல், ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்பட்டான். லாம்-பி3 என்ற மரபணுவில் பழுது. தோல் அடுக்குகளை ஒட்டிவைக்கும் புரதம் உருவாகாததால் மேல்தோலில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. இத்தாலியின் மோதெனாவில் மிக்கேலே தெ லூக்காவின் குழு 4 சதுர சென்டிமீட்டர் தோல் துண்டிலிருந்து செல்களைப் பிரித்து, ரெட்ரோவைரஸ் மூலம் சரியான மரபணுவைச் செருகி, 0.85 சதுர மீட்டர் தோலை வளர்த்துக் கொடுத்தது. ஒரே நாளில் போர்த்தவில்லை, கட்டம் கட்டமாக ஒட்டினார்கள். 2017-இல் ‘நேச்சர்’ இதழில் விவரம் வந்தது. ஆக, லெட்கார்டின் அடிப்படை யோசனை நடைமுறைக்கு வந்துவிட்டது. சிறுவனின் சொந்தச் செல்கள், சொந்த இனத்தின் மரபணு, பழுது நீக்குவது மட்டுமே நோக்கம் என்பதுதான் வித்தியாசம்.

லெட்கார்ட் பயன்படுத்துவது பன்றியின் மரபுப் பொருள். இங்கே திரைக்கதை தடுமாறுகிறது. நெருப்பைத் தாங்கும் மரபணு பன்றியிடம் இல்லை, வேறெந்தப் பாலூட்டியிடமும் இல்லை. 70 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ ஒரு நொடி போதும், தோலின் புரதங்கள் வெந்துவிடும். ஊதுவிளக்கின் சுடர் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். எந்த மரபணு மாற்றத்தாலும் அதை எதிர்கொள்ள முடியாது. பன்றித் தோலைத் தீக்காயத்துக்குப் பயன்படுத்துவது உண்டு, ஆனால் தற்காலிகக் கட்டாகத்தான். பன்றிச் செல்லின் மேலிருக்கும் ஒரு சர்க்கரை மூலக்கூறை மனித உடல் உடனே அந்நியன் என்று கண்டுகொள்ளும், ஒட்டிய தோல் நிலைக்காமல் உரிந்துவிடும். படத்தில் மருத்துவர் கூட்டத்திடம் லெட்கார்ட் சொல்லும் பொய் மட்டும் நல்ல கெட்டிக்காரப் பொய். தைமஸ் சுரப்பி இல்லாத எலிகளில் சோதித்ததாகச் சொல்கிறார். தைமஸ் இல்லாவிட்டால் அந்நியத் தோலைத் தாக்கும் டி செல்கள் முதிராது, யாருடைய தோலை ஒட்டினாலும் அந்த எலி தள்ளிவிடாது. உண்மையான ஆய்வகங்களில் தோல் ஒட்டுச் சோதனைக்கு அதே எலிகள்தான் பயன்படுகின்றன. வசனம் எழுதியவர்கள் யாரிடமோ ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்கள்.

அடுத்து அளவு. வளர்ந்த ஒருவரின் தோல் சுமார் 1.8 சதுர மீட்டர். புதுத்தோல் ஒட்டவேண்டுமென்றால் பழையதை உரிக்கவேண்டும். தீக்காயத்தில் செத்த தோலை வெட்டும்போதே ரத்தம் கொட்டும், அதனால் ஒரே அமர்வில் உடற்பரப்பின் 15–20 சதவீதத்துக்கு மேல் போகப் பெரும்பாலான சர்ஜன்கள் தயங்குவார்கள். ஆரோக்கியமான தோலை உரித்தால் இழப்பு குறையாது. முழு உடலுக்கும் ஐந்தாறு அமர்வுகளாவது வேண்டும். ஒவ்வொரு இடைவெளியிலும் திறந்த காயத்தின் வழியாக நீர், உப்பு, புரதம் எல்லாம் வெளியேறும், சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் உள்ளே வரும். தீக்காய நோயாளிகளில் பலரைக் கொல்வது அந்தத் தொற்றுதான். இதை ஒரு பணிப்பெண்ணும் ஒரு கண்காணிப்புக் கேமராவும் வைத்துக்கொண்டு பண்ணை வீட்டில் செய்ய முடியாது. 2010 மார்ச்சில் பார்சிலோனாவின் வால் தெப்ரோன் மருத்துவமனையில் உலகின் முதல் முழுமுக மாற்று நடந்தபோது சுமார் 30 பேர் வேலை செய்தார்கள். லெட்கார்ட் உதவிக்கு அழைக்கும் மருத்துவர் கும்பலை வைத்துக் கணக்குப் போட்டால், மயக்க மருந்து கொடுப்பதற்கே இரவு ஷிஃப்ட்டுக்கு ஆள் இருக்காது.

அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பைப் படம் நன்றாகவே கையாண்டிருக்கிறது. வேரா அணியும் தோல்நிற இறுக்க உடையைப் பலர் வெறும் ஃபேஷன் என்று நினைக்கிறார்கள். தீக்காய நோயாளிகள் உண்மையிலேயே அப்படி அழுத்த உடை அணிகிறார்கள்: நாளுக்கு 23 மணி நேரம், குளிக்கவும் மருந்து தடவவும் மட்டும் கழற்றி, தழும்பு முதிரும்வரை ஒன்று முதல் இரண்டு வருஷம். 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அளவில் தொடர்ந்து அழுத்தம் இருந்தால் தழும்பு தடித்து மேடாவது குறையும் என்பது நம்பிக்கை. துணி இரண்டு மூன்று மாதத்தில் தளர்ந்துவிடும், மாற்றாவிட்டால் போட்டும் பயனில்லை.

விசெந்தேக்குச் செய்யும் பிறப்புறுப்பு அறுவையிலும் ஒரு விவரம் கச்சிதம். வெவ்வேறு தடிமனில் விரிப்பான்களை வரிசையாக வைத்து, சின்னதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார் லெட்கார்ட். நிஜத்திலும் முதல் சில மாதங்கள் நாளுக்குப் பலமுறை விரிப்பான் பயன்படுத்தவேண்டும், விட்டால் புதிய பாதை சுருங்கி மூடிக்கொள்ளும். இதைக் கைதியின் கையிலேயே ஒப்படைப்பதுதான் அந்தக் காட்சியின் குரூரம். வலிக்க வலிக்கத் தன் சிறையைத் தானே பராமரிக்க வேண்டியிருக்கிறது.

மற்றதெல்லாம் கண்கட்டு. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் தடிக்கவைத்த குரல்நாண் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலும் மெலியாது, குரல் அப்படியே இருக்கும். தோள் அகலம், இடுப்பெலும்பு, உள்ளங்கை, உயரம் எதையும் தோல் மாற்றம் தொடாது. முகச்சாயலும் பெரும்பாலும் எலும்பில் இருக்கிறது. தாடையையும் புருவமேட்டையும் அறுத்துத் தேய்க்காமல் இன்னொருத்தியின் முகம் வராது. விரைகளை நீக்கிவிட்டு ஹார்மோன் கொடுக்காமல் விட்டால் சில வருஷங்களில் எலும்பு பலவீனமாகும். படமோ யான் கோர்னெட் என்ற நடிகரை எடுத்துவிட்டு எலேனா அனாயாவை நிறுத்தி இவை அனைத்தையும் ஒரே வெட்டில் தாண்டிவிடுகிறது. சினிமாவாக அது அழகான தந்திரம், மருத்துவமாக ஒன்றுமில்லை. பாலின உறுதிப்பாட்டு அறுவையோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அது தன்னை அறிந்த ஒருவர் கேட்டுப் பெறுவது. இங்கே உடலை மாற்றிய பின்னும் உள்ளே இருப்பவன் விசெந்தேதான் என்பதைத்தான் கடைசிக் காட்சி சொல்கிறது.

லெட்கார்டின் வெறி எங்கே அறிவியலிலிருந்து கழன்றுகொள்கிறது என்று கேட்டால், பன்றியைச் சொல்லமாட்டேன். சகமருத்துவர் ஃபுல்ஹென்சியோ, காணாமல்போன விசெந்தேயின் படத்தைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு வந்து மிரட்டும் காட்சியைச் சொல்வேன். வேரா வந்து, தான் விரும்பியே இங்கே இருப்பதாகச் சொல்கிறார், ஃபுல்ஹென்சியோவும் போய்விடுகிறார். நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்போடு 1947-இல் வந்த, மனிதர்கள் மீதான மருத்துவச் சோதனைக்கான நியூரம்பெர்க் விதிகள் பத்து. வற்புறுத்தல், ஏமாற்று, மிரட்டல் எதுவும் இல்லாமல் ஒப்புதல் தரும் நிலையில் ஆள் இருக்கவேண்டும் என்கிறது முதல் விதி. நடுவில் சோதனையை நிறுத்திக்கொள்ள அவருக்குச் சுதந்திரம் வேண்டும் என்கிறது ஒன்பதாவது விதி. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆறு வருஷம் இருந்தவர் ‘விருப்பம்தான்’ என்று சொன்னால் அது ஒப்புதல் ஆகாது. ஸ்பெயின் ஏற்றுக்கொண்ட 1997 ஒவியேதோ உடன்படிக்கையும் (மருத்துவத்தில் மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய ஒப்பந்தம்), தடுப்பு, கண்டறிதல், சிகிச்சை ஆகிய காரணங்களுக்கு மட்டுமே மனித மரபணுவில் கைவைக்கலாம் என்கிறது. தீயில் வெந்த மனைவி தற்கொலை செய்துகொண்ட துக்கம் அந்தப் பட்டியலில் இல்லை.

மருத்துவத் துல்லியம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், அல்மொதோவாருக்கே முன்னோடியாக இருந்த ஜார்ஜ் ஃபிராஞ்சுவின் ‘ஐஸ் வித்தவுட் எ ஃபேஸ்’ (1960, பிரெஞ்சு) பாருங்கள். மகளுக்காக வேறு பெண்களின் முகத்தை உரிக்கும் டாக்டர் கதை. ஒட்டிய முகம் கெட்டுப்போவதை வரிசையான புகைப்படங்களாகக் காட்டுவார்கள். முதலில் நிறமாற்றம், பிறகு சிறு முடிச்சுகள், பிறகு அழுகல். அடுத்தவர் தோலை, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தின்றி ஒட்டினால் ஒன்றிரண்டு வாரத்தில் தொடங்கும் நிராகரிப்பு கிட்டத்தட்ட அப்படித்தான் போகும். இந்த நிராகரிப்பு நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை என்று 1940-களில் காட்டிய பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடாவருக்கு நோபல் கிடைத்ததும் அதே 1960-இல்தான்.

பார்ப்பதற்கு முன் தெரிந்துகொள்ள: அல்மொதோவார் படத்தில் பாலியல் வன்முறைக் காட்சிகள் உண்டு, அறுவைக் காட்சிகளில் ரத்தம் குறைவு. ஃபிராஞ்சு படத்தில் முகம் உரிக்கும் ஒரு காட்சி சில நிமிடங்கள் நீளும். கறுப்பு வெள்ளைதானே என்று சாப்பாட்டுத் தட்டோடு உட்காராதீர்கள்.