பெல்மேர் அலமாரியில கிடக்குது பேட்டர்ன்

வணக்கம் அக்கா, நான் காரைக்கால் பொண்ணு, கல்யாணமாகி ரீயூனியன் தீவுக்கு வந்து சென்-லூயியில இருக்கேன். கை எம்பிராய்டரி கத்துக்கிட்டிருக்கேன். ஃபோன்ல ஏகப்பட்ட டிசைன் சேவ் பண்ணி வெச்சிருக்கேன், ஆனா எதை எடுத்தாலும் பாதியில நின்னுடுது. நல்ல ஃப்ரீ பேட்டர்ன் எங்க கிடைக்கும்? உங்களுக்கெல்லாம் ஐடியா எப்படி வருது? டிஎம்சி கம்பெனி நூல்தான் வாங்கணுமா, இல்ல பாக்கெட்ல மலிவா வர்ற நூல் போதுமா? டிசைனை துணியில ஏத்த கார்பன் பேப்பர் சரிப்படுமா? இங்க கேக்கறதுக்கு யாரும் இல்ல. எங்க மாமியார், இங்க பெல்மேர்னு சொல்லுவோம், அவங்ககிட்ட மலையூர் சிலாவோஸ்ல போட்ட பழைய மேசைவிரிப்பு ஒண்ணு இருக்கு, அலமாரியில பூட்டி வெச்சிருக்காங்க, தொட விடமாட்டாங்க. அந்த வேலையெல்லாம் எனக்கு ஓவர்க்கா, சிம்பிளா பூ, குருவி போதும்.
– ஒரு தங்கச்சி

தங்கச்சிக்கு,

கொஞ்ச நாளா இதே விஷயம்தான் என் மண்டையில ஓடிட்டிருந்துச்சு, அதான் மத்த லெட்டரை ஓரம் கட்டிட்டு உனக்கு முதல்ல எழுத உக்காந்துட்டேன்.

நூலை முதல்ல முடிச்சுடறேன். டிஎம்சி வாங்கு. மலிவு பாக்கெட்ல பாதி சாயம் போகும், கஷ்டப்பட்டு பூ போட்டுட்டு துவைச்சதும் வெள்ளைத்துணி பூரா செவப்பு இறங்கினா நீதான் உக்காந்து அழுவ. ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை, ரெண்டு ரெண்டா பிரிச்சு தெச்சா நெறைய வரும், அஞ்சாறு கலரோட ஆரம்பி. நூலைப் பத்தி இதுக்கு மேல பேச எனக்குப் பொறுமை இல்ல.

ஃப்ரீ பேட்டர்ன் கேட்ட. டிஎம்சி சைட்லயே பிடிஎஃப் சும்மா குடுக்கறாங்க. ஆன்டிக் பேட்டர்ன் லைப்ரரின்னு ஒண்ணு இருக்கு, பழைய பேட்டர்ன் புஸ்தகமா ஸ்கேன் பண்ணி போட்டு வெச்சிருக்காங்க, காசு கிடையாது. தெரேஸ் த தில்மோன்னு ஒரு அம்மா 1886-ல ஊசி வேலைக்குன்னே ஒரு கலைக்களஞ்சியம் போட்டாங்க, ப்ராஜெக்ட் குட்டன்பர்க்னு இலவச புஸ்தக சைட்ல படத்தோட முழுசா கிடக்குது, இறக்கிக்கோ. ஆச்சா? இனி திட்டறேன், கேட்டுக்கோ.

பாதியில நின்னுடுதுன்னு எழுதியிருக்க. நிக்காம என்ன பண்ணும்? ஃபோன்ல இருக்கற படத்துல எத்தனை இழை நூல், காம்புல ஸ்டெம் ஸ்டிச்சா செயின் ஸ்டிச்சா, ஊசி எங்க இறங்கி எங்க ஏறுதுன்னு ஏதாவது தெரியுதா? எல்லாம் லைட்டு போட்டு நல்லா காட்டின படம். அதைப் பாத்து ரெண்டு இலை போடற, நம்மளோடது அது மாதிரி வரலியேன்னு மனசு விட்டுப்போகுது, ரிங்கோட தூக்கி பீரோ மேல போட்டுட்டு அடுத்த படத்தை சேவ் பண்ணப் போயிடற. இதுல ஐடியா எங்க வரும்னு என்னைக் கேக்கற!

கேக்க யாரும் இல்லன்னு சொல்லிட்டு அடுத்த வரியிலயே பெல்மேர் மேசைவிரிப்புன்னு எழுதியிருக்க பாரு, அங்கதான் எனக்கு சுருக்குன்னு கோவம் வந்துச்சு. சிலாவோஸ் வேலை ஓவராம். நீ இருக்கற சென்-லூயியிலருந்துதான்மா அந்த ரோடே ஏறுது, 400 வளைவுன்னு சொல்ற அதே ரோடு, போற வர்றவங்க பருப்பும் ஒயினும் வாங்கிட்டு இறங்கி வர்றாங்க, நீயும் அப்படித்தான் வந்திருப்ப. 1900-ஐ ஒட்டி அங்க ஒரு டாக்டரோட பொண்ணு, ஆஞ்செல் மக்கோலிஃப்னு பேரு, ஊர்ப்பொண்ணுங்களை உக்கார வெச்சு சொல்லிக்குடுத்து ஆரம்பிச்சு வெச்ச வேலை அது. துணியில குறுக்கு இழையை உருவி எடுத்துட்டு மிச்சம் நிக்கற இழையைக் கட்டிக் கட்டி வலை மாதிரி ஆக்கறது. மேல வரைஞ்சு தெக்கற வேலையே இல்ல, எண்ணித்தான் ஆகணும். ஊர்ல அதுக்குன்னே மெசோன் த லா பிரொத்ரின்னு ஒரு எம்பிராய்டரி வீடு இருக்கு, பொம்பளைங்க வேலை செய்யறதை நேர்லயே போய் பாக்கலாம். போயிருக்கியா? போயிருந்தா எழுதியிருப்ப.

சொல்லப்போனா ஊசி விஷயத்துல நம்ம ஊரும் இந்தத் தீவும் பழைய உறவு. க்ளூனி சபை கன்னியாஸ்திரீங்க 1817-ல இந்தத் தீவுக்கு வந்தாங்க, அப்ப இதுக்குப் பேரு பூர்போன். அவங்களே 1827-ல பாண்டிச்சேரிக்கும் போனாங்க. ரொமேன் ரொலான் தெருவுல அவங்க எம்பிராய்டரி சென்டரைப் பாத்திருப்ப, பழைய வெள்ளைக்கார காலத்து வீடு, உள்ள பொம்பளைங்க வரிசையா உக்காந்து தெச்சிட்டிருப்பாங்க.

எங்க அத்தையும் பாண்டிச்சேரியில எம்பிராய்டரிக்குப் போனவதான், ஆனா அது வேற இடம், பேரு வேணாம். அங்க பேட்டர்ன்னா ட்ரேசிங் பேப்பர்ல கோடு நெடுக ஊசியால குத்தி வெச்சிருப்பாங்க. அதை துணி மேல விரிச்சு, மண்ணெண்ணெயில நீலப்பொடியைக் குழைச்சு, துணிப்பந்தால ஒத்தித் தேய்ச்சா ஓட்டை வழியா புள்ளி புள்ளியா இறங்கும். அத்தை வீட்டுக்கு வந்தா அவ விரல் நுனியெல்லாம் நீலமா இருக்கும், சோத்துல கூட மண்ணெண்ணெய் வாசம் வருதுன்னு மாமா கத்துவாரு. அந்தப் பேப்பரையெல்லாம் சாயந்திரம் எண்ணி வாங்கி பெட்டியில பூட்டிடுவாங்க, ஒண்ணு குறைஞ்சா எல்லார் பையையும் கொட்டிப் பாப்பாங்க. வரைஞ்சதே அந்தப் பொம்பளைங்கதான், அதைச் சொல்லு. அத்தை அங்கருந்து நின்னப்ப கையில துண்டுப் பேப்பர் கூட கிடையாது. ஆனா எந்த டிசைன் கேட்டாலும் போடுவா. ஏன்னா அவ ஒரு துணியைக் கையில வாங்கினா முதல்ல திருப்பித்தான் பாப்பா. முன்பக்கம் பகட்டு காட்டும்டி, பின்னாடி பாரு, எந்த வழியா நடந்து போனாங்கன்னு தெரியும்னு சொல்லுவா. ரோஜா எந்த இதழ்ல ஆரம்பிச்சுது, நூல் எங்க தாவுச்சு, எங்க அவசரப்பட்டாங்க, எல்லாம் பின்பக்கம்தான். நீலகிரியில தோடர் பொம்பளைங்க வெள்ளைத்துணியில இழையை எண்ணியே செவப்பும் கறுப்புமா போடறாங்களே, வரையறதும் கிடையாது, அச்சும் கிடையாது, அவங்க அந்த முரட்டுப் பின்பக்கத்தையே முகமா வெச்சுக்கறாங்க. 2013-ல அதுக்கு புவிசார் குறியீடு கூட குடுத்தாங்க. அத்தை அதைப் பாத்திருந்தா என்ன சந்தோஷப்பட்டிருப்பா.

அதனால நீ செய்ய வேண்டியது இது. ஞாயித்துக்கிழமை கறி சாப்பாடு முடிஞ்சு உங்க பெல்மேர் நல்ல மூடுல இருக்கறப்ப, மேசைவிரிப்பைக் குடுங்கன்னு கேக்காத, யார் போட்டது இதுன்னு கேளு. அவங்க பிரிச்சு காட்டறப்ப ஃபோனை எடுத்து நீட்டாத தயவுசெஞ்சு. கையைக் கழுவிட்டு உக்காரு. அடியில ஒரு கறுப்புத்துணி விரிச்சா ஓட்டையெல்லாம் பளிச்சுன்னு தெரியும். ஓரத்துலருந்து ஆரம்பி, எத்தனை இழை உருவியிருக்குன்னு எண்ணு, ஒரு கட்டுக்கு எத்தனை இழைன்னு எண்ணு. நாலுன்னு வெச்சுக்கோ, கீழ்வரிசையில நாலு நாலா கட்டி மேல்வரிசையிலயும் அதே நாலைக் கட்டினா ஏணி மாதிரி நிக்கும், மேல்வரிசையில இந்தக் கட்டுல ரெண்டு, பக்கத்துக் கட்டுல ரெண்டுன்னு மாத்திப் பிடிச்சா வளைஞ்சு வளைஞ்சு போகும். இவ்வளவுதான் ரகசியம், இதுல ஓவர் என்ன இருக்கு? கட்டம் போட்ட நோட்டுல குறிச்சுக்கோ. அப்புறம் இழை தெரியற லினன் துண்டு ஒரு சாண் வாங்கி, நடுவுல ஒரே ஒரு இழையை ஊசி நுனியால தூக்கி வெட்டி, ரெண்டு பக்கமும் மெல்ல உருவிப் பாரு. முதல் இழைதான் பயம், அப்புறம் கை தானா போகும்.

உன் பூவும் குருவியும் எங்கயும் பறந்துடாது, அதையும் இப்படியே பழைய தலையணை உறையிலருந்து எடுக்கலாம். மெல்லிய பேப்பரை தையல் மேல வெச்சு, பசங்களோட மெழுகு க்ரேயானைப் படுக்கப்போட்டு லேசா தேய், எழும்பி நிக்கற தையல் அப்படியே பேப்பர்ல வந்துடும். பெல்மேர் துணி மேல மட்டும் இதைப் பண்ணாத, கிழிஞ்சா நான் பொறுப்பு இல்ல.

கார்பன் பேப்பரை மறந்தே போயிட்டேன். ஆபீஸ் கார்பன் வேண்டாம், கறை போகாது. தையல்காரங்க வெச்சிருக்கற கார்பன்னா பரவாயில்ல, இல்ல ஜன்னல் கண்ணாடியில ஒட்டி வெளிச்சத்துல வரைஞ்சுக்கோ. தண்ணியில போற நீலப் பேனா வாங்கினா கோட்டை அலசறதுக்கு முன்னாடி இஸ்திரி போட்டுடாத, சூடு பட்டா அப்படியே பிடிச்சுக்கும்.